கை நீளாத லொறி

லண்டனில் வீடு திருத்துகிறவர்கள் ஸ்கிப்பைக் கன யார் கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். 4 யார், 6 யார், 8 யார் என்று தொலைபேசியில் சொன்னால் போதும், அப்போதே விலை சொல்லிவிடுவார்கள். 6 யார் என்பது நாலரைக் கன மீற்றருக்குச் சற்றுக் கூட. அதைத் தூக்கப் போகும் லொறிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தொன் மட்டும். றோட்டோரம் மறித்து நிறுக்கும் அதிகாரிக்கும் தொன்தான். 1996க்குப் பிறகு குப்பைப் புதைப்பு வரிக்கும் தொன்தான். யாரில் விற்றதைத் தொன்னில் தூக்கிக்கொண்டு வருகிறவன் சாரதி. இரண்டு கணக்கும் ஒத்துவராத இடத்தில் ஏச்சு விழுவது அவன் தலையில். நான் அந்த ஏச்சைக் கேட்கத் தொடங்கியது 1987 ஜனவரியில்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கிப் என்பது மூடியில்லாத பெரிய இரும்புத் தொட்டி. வாய் அகன்று அடி ஒடுங்கியிருக்கும். முன்சுவரும் பின்சுவரும் சரிவு. இரண்டு பக்கவாட்டிலும் இரண்டிரண்டு காதுகள். வெறும் தொட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போவோம். உடைத்த சுவரும் பிடுங்கிய குளியல் தொட்டியும் பழைய கம்பளமும் நிரம்பியதும் வந்து தூக்கிப் போவோம். சென்னை மாநகராட்சியின் டம்பர் பிளேசரைப் பார்த்தவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும். தூக்கும் விதத்தில் இரண்டும் ஒரே குடும்பம்.

ஊரில் நான் வடமராட்சியிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றி பெட்போர்ட் லொறி ஓடியவன். மூக்கு நீண்ட பெட்போர்ட். 1985இல் லண்டன் வந்து, அப்போதிருந்த மூன்றாம் வகுப்புக் கனரக அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு, கிழக்கு லண்டனில் லீ ஆற்றுப் பக்கமாக இருந்த ஒரு யாட்டில் வேலை கேட்டுப் போனால், அங்கே நின்றதும் பெட்போர்ட். இது தட்டை முகம், ரி.கே. வகை. 1960இல் வந்த வடிவம். எஞ்சின் சீற்றுக்குப் பின்னால் கீழே இருக்கும். கதவுக்குப் பின்பக்கத்து மூடியைத் திறந்து பக்கவாட்டால் கைவிட வேண்டும். முதலாளி அயர்லாந்துக்காரர். "இதை ஓடத் தெரியுமா?" என்று கேட்டார். இதன் அண்ணனை ஓடியிருக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டுத் திறப்பைத் தந்தார். பெட்போர்ட் கொம்பனி லொறி செய்வதை 1986இல் நிறுத்திவிட்டதால், உதிரிப்பாகத்துக்குப் பழைய இரும்புக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும் என்பதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்த ஜனவரியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் விழுந்த பனியையும் குளிரையும் அந்தக் காலத்தில் லண்டனில் இருந்த எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீசல் மெழுகாகித் திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொண்டது. பழைய சாரதிகள் எண்ணெயில் தோய்த்த துணியைக் கொளுத்தித் தாங்கிக்குக் கீழே பிடித்தார்கள். ஹைட்ரோலிக் எண்ணெய் தடித்துப்போய், லீவரை இழுத்தால் கை எழும்ப முதல் ஒரு மூச்சு எடுக்கும். சங்கிலி வளையங்கள் கையுறையோடு ஒட்டின. வேலை பழக அதைவிட மோசமான மாதம் கிடையாது. அதே காரணத்தால், பெப்ரவரியில் எல்லாம் இலேசாகத் தெரிந்தது.

இனி இந்த லொறியின் கையைப் பற்றி. இன்றைக்கு ஓடும் ஸ்கிப் லொறிகளில் பெரும்பாலும் கை இரண்டும் நீளும். ஒரு குழாய்க்குள்ளிருந்து இன்னொரு குழாய் வெளியே வரும். அந்தக் காலத்து லொறிகளில் கை நீளாது. லொறிச் சட்டத்தின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கை, ஒவ்வொன்றையும் தள்ள ஒரு ஹைட்ரோலிக் ராம், கை நுனியில் இரண்டிரண்டு சங்கிலி. முன்னுக்குச் சாயும், பின்னுக்குச் சாயும், அவ்வளவுதான். செல்ட்னத்தில் ரெலிஹொயிஸ்ட் கொம்பனி செய்த 'லோட் லக்கர்' எங்களிடம் இருந்தது. போல்ரன் நகரத்து எட்புரோ செய்ததும் ஒன்று நின்றது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: கை போகும் வட்டம் மாறாது. ஆகவே ஸ்கிப் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு லொறியின் பின்புறம் போயாக வேண்டும். ஒரு அடி தள்ளி நின்றால் சங்கிலி எட்டாது. எட்டினாலும் சாய்வாக இழுபட்டு, ஸ்கிப் நிலத்தை உரசிக்கொண்டு வந்து லொறியின் வாலில் மோதும். கோணலாக நின்றால் ஒரு பக்கத்துச் சங்கிலி இறுகும், மற்றது தொய்யும், தொட்டி ஆகாயத்தில் திரும்பும். பக்கத்தில் நிற்கும் காரின் கண்ணாடி அதோடு சரி.

விக்டோரியா காலத்து வீட்டு வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். இரண்டு பக்கமும் கார், நடுவில் ஒரு லொறி போக மட்டும் இடம். ஸ்கிப் இரண்டு கார்களுக்கு நடுவே கிடக்கும். லொறியைப் பின்னுக்கு எடுத்து, கண்ணாடியில் அந்த இரண்டு சிவப்பு மஞ்சள் தகடுகளுக்கும் நடுவைக் கணக்குப் பார்த்து, ஒரே மூச்சில் போய் நிற்க வேண்டும். (ஸ்கிப்பின் இரண்டு முனையிலும் அந்தச் சிவப்பு மஞ்சள் பட்டை இருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டு விதி. றோட்டில் வைப்பதற்குக் கவுன்சிலின் அனுமதி, இரவில் விளக்கு, உரிமையாளரின் பெயரும் தொலைபேசியும் என்பன 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 139ஆம் பிரிவு. விளக்கைத் தொங்கவிடுவது எங்கள் வேலை. விடிய முதல் அதைக் கழற்றிக்கொண்டு போவது யாருடைய வேலை என்பது கடைசிவரை பிடிபடவில்லை.)

நின்றதும் கிளச்சை மிதித்து பி.ரி.ஓ.வைப் போட வேண்டும். அது கியர்ப் பெட்டியிலிருந்து சக்தியை எடுத்து ஹைட்ரோலிக் பம்பைச் சுழற்றும். பிறகு கபினிலிருந்து குதித்து, கபினுக்குப் பின்னால் வெளியே இருக்கும் லீவர்களுக்குப் போவோம். முதலில் பின்கால்கள் இரண்டையும் நிலத்தில் ஊன்ற வேண்டும். அதை ஊன்றாமல் தூக்கினால் லொறி தன் பின்சில்லுகளின் மேல் உட்கார்ந்து முன்பக்கம் எழும்பிவிடும். பிறகு கையைப் பின்னுக்கு விட்டு, சங்கிலிகளை இறக்கி, ஒவ்வொன்றாகக் காதில் மாட்ட வேண்டும். புதிதாக வருகிற பெடியன்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த மாட்டல்தான். வளையத்துக்குள் விரலை விட்டுத் தூக்கக் கூடாது. வளையத்தின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் ஏந்திக் காதின் மேல் போட வேண்டும். லீவரில் ஒருவன், சங்கிலியில் ஒருவன் என்று இரண்டு பேர் நிற்கும்போதுதான் விரல்கள் போகும். தனியாகச் செய்தால் மெதுவாகும், ஆனால் பத்து விரலும் மிஞ்சும்.

நாலு காதும் மாட்டியானதும் மெல்ல லீவரை இழுக்க வேண்டும். பழைய லொறியின் வித்தை முழுக்க இந்த முதல் ஒரு அடியில்தான். ஸ்கிப் லொறியிலிருந்து ஆகத் தூரத்தில் இருப்பது இந்தக் கணத்தில். நிலத்தை விட்டு எழும்பிவிட்டால், கை வட்டமடித்து வர வர பாரம் அச்சுக்குக் கிட்ட வரும், வேலை இலேசாகிக்கொண்டே போகும். ஆகவே தூக்க முடியுமா முடியாதா என்ற கேள்விக்குப் பதில் தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்தப் பதிலைச் சொல்ல அன்றைக்கு எந்தக் கருவியும் இல்லை. எஞ்சின் சத்தம் முதலில் சொல்லும்: சீராக ஓடிக்கொண்டிருந்தது தொண்டை கட்டியதுபோல இறங்கும். பின்கால் சொல்லும்: கோடை நாளில் தாரில் புதையும், அதனால்தான் அடியில் பலகை வைப்போம். மூன்றாவது சாட்சி முன்சில்லு. லீவரில் கையை வைத்துக்கொண்டே தலையைத் திருப்பி முன்சில்லுக்கும் அதன் மேல் மட்கார்ட்டுக்கும் இடையில் உள்ள வெளியைப் பார்ப்பேன். பாரம் ஏற ஏற முன் ஸ்பிரிங் தகடுகள் தளர்ந்து அந்த வெளி அகலும். நாலு விரல் அகன்றால் கவனம். ஒரு சாண் என்றால் லீவரை விட்டுவிட்டு வீட்டுக்காரரின் மணியை அடிக்கப் போக வேண்டியதுதான்.

நாங்கள் அதிகமாகச் சண்டை பிடித்தது மண்ணுக்காக. ஈர மண் ஒரு கன யார் ஒரு தொன்னைத் தாண்டும். இரண்டு அச்சு லொறிக்கு அன்றைய மொத்த எடை எல்லை 16 தொன் சொச்சம். கையும் ராமும் பூட்டிய வெறும் லொறி அதில் பாதிக்குக் கிட்ட தின்றுவிடும், ஸ்கிப்பின் இரும்பு வேறு. எனவே 8 யாருக்கு மேல் மண்ணுக்குத் தருவதில்லை. 12 யார் ஸ்கிப் என்பது மரமும் தளபாடமும் பஞ்சும் போடுவதற்கு. வாடிக்கையாளருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசான காரியம் இல்லை. அவருக்கு வாய் வரைக்கும் நிரப்புவது உரிமை, வாய்க்கு மேலே குவிப்பது கெட்டித்தனம். கழற்றிய கதவுகளைப் பக்கவாட்டில் நட்டு, தொட்டியின் சுவரை இரண்டடி உயர்த்தி, அதற்குள்ளும் அடைப்பார்கள். இரவில் தெருவே வந்து தன் பங்குக்குப் போடும்: மெத்தை, உடைந்த ரி.வி., குழந்தைத் தள்ளுவண்டி. பிறகு மழை. ஜிப்சம் பூச்சும் கம்பளமும் குடித்த தண்ணீருக்கு யாரும் காசு கட்டுவதில்லை, தூக்குவது நாங்கள்.

ஒருமுறை ஈஸ்ட்ஹாமில் எங்கள் ஆட்களின் வீடொன்று. பின்வளவைத் தோண்டிச் சீமெந்து போடுகிறார்கள். 8 யார் ஸ்கிப்பில் ஈரக் களிமண் கோபுரமாக நிற்கிறது. லண்டன் களிமண்ணைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெட்டும்போது மண்வெட்டியை விடாது, கொட்டும்போது தொட்டியை விடாது. லீவரை இழுத்தேன். பின்கால் பலகை முறிகிற சத்தம் கேட்டது, ஸ்கிப் அசையவில்லை, முன்சில்லு இரண்டும் றோட்டை மறக்கத் தொடங்கின. இறக்கிவிட்டு மணியை அடித்தேன். வேட்டியோடு ஒரு ஐயா வந்தார்.

"தம்பி யாழ்ப்பாணமோ?"

"ஓம் ஐயா, வடமராட்சி."

"அப்ப கொஞ்சம் பாத்துத் தூக்குமன். நான் 8 யாருக்குத்தானே காசு கட்டினனான், 9 யாருக்கே போட்டிருக்கிறன்?"

"லொறிக்கு வடமராட்சி தெரியாது ஐயா. மூண்டிலொண்டு இறக்க வேணும்."

அவருக்குக் கோபம் வந்தது. உள்ளேயிருந்து அம்மா தேத்தண்ணியோடு வந்தார். அவர் கோபம் குறைய முதல் தேத்தண்ணி ஆறிவிட்டது. கடைசியில் அவரும் மகனும் நானுமாக மண்வெட்டி பிடித்தோம். இறக்கிய மண் முன்வளவில் ஒரு மேடாக நின்றது, அதற்கு மறுகிழமை இன்னொரு ஸ்கிப். இரண்டாவதுக்கும் காசு கட்டியதைக் கோயிலில் என்னைக் காணும் ஒவ்வொரு தேரிலும் நினைவுபடுத்தினார்.

மண்ணுக்கு எதிர்மாறாக ஒரு காலமும் வந்தது. 1987 ஒக்டோபர் 16 விடியப்புறம் அடித்த புயலில் தெற்கு இங்கிலாந்தில் விழுந்த மரங்கள் ஒன்றரைக் கோடி என்று கணக்கிட்டார்கள். கிழமைக் கணக்கில் கிளையும் இலையும்தான் ஏற்றினோம். நிறைய இடம், கொஞ்சப் பாரம். சங்கிலி இறுகாமலே ஸ்கிப் எழும்பி வந்தது. அதற்கு வேறு தொந்தரவு: கிளைகள் பக்கவாட்டில் ஒரு மீற்றர் நீட்டிக்கொண்டு நிற்கும், தெருவோடு போகும் பஸ்ஸின் கண்ணாடியைத் தடவும். வலை போடும் வழக்கம் அப்போது எங்கள் யாட்டில் இல்லை. கயிறும் வாள் ஒன்றும்தான்.

மாற்று ஸ்கிப் என்றால் இன்னொரு வகைத் தலையிடி. நிரம்பியதை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் வெறுமையானதை வைக்கச் சொல்வார்கள். கை நீளாத லொறியால் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். கொண்டுபோன வெறும் தொட்டியைத் தெருவில் இறக்க வேண்டும். லொறியை நகர்த்தி, நிரம்பியதைத் தூக்கித் தெருவில் வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். திரும்ப வந்து வெறுமையானதைத் தூக்கி அந்தக் குழியில் செருக வேண்டும். பிறகு போய் நிரம்பியதை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தூக்குக்கும் கால் ஊன்று, கால் மடி, சங்கிலி மாட்டு, சங்கிலி கழற்று. இதற்கிடையில் தெருவின் இரண்டு முனையிலும் கார்கள் சேர்ந்து ஹோர்ன் அடிக்கும். சில சாரதிகள் அடிக்கிறவர்களோடு கதைக்கப் போவார்கள். நான் போவதில்லை, கதைத்தால் இன்னும் ஐந்து நிமிடம் பிந்தும்.

வெறும் தொட்டிகளை யாட்டிலிருந்து கொண்டுபோகும்போது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம், வாய் அகன்று அடி ஒடுங்கிய உருவம் அதற்குத்தான். ஆனால் நடுவில் பழைய ரயர் ஒன்றோ மரக்கட்டையோ போட வேண்டும். போடாமல் விட்டால் போகிற வழிக் குலுக்கலில் இறுகிவிடும். பிறகு மேலுள்ளதைத் தூக்கினால் கீழுள்ளதும் கூடவே வரும், பாதி உயரத்தில் மனம் மாறி விழும்.

கொட்டுகிற இடம் எங்களுக்கு ரெயின்ஹாம். ஏ13 வீதியால் கிழக்கே போய், தேம்ஸ் ஆற்றின் சதுப்புக் கரையில் இருந்த குப்பை மேடு. காலையில் வரிசை, கடற்பறவைக் கூட்டம், இரும்புப் பல் சில்லு வைத்த நசுக்கு வண்டிகள். பெட்போர்ட்டின் பின்னச்சுக்கு இரண்டு வேகம் உண்டு. கியர்த் தடியில் உள்ள குமிழை அழுத்தினால் தாழ்ந்த வேகத்துக்கு இறங்கும். அதில் போட்டு மேட்டில் ஏற வேண்டும், நடுவில் கியர் மாற்ற நினைத்தால் அங்கேயே புதைந்து நிற்பாய். மேலே சமநிலமாக ஒரு இடம் தேடுவது முக்கியம். கொட்டும் விதம் இப்படி: லொறித் தட்டின் பின்முனையில் ஒரு கொக்கி இருக்கிறது. அது ஸ்கிப்பின் பின்பக்க அடியில் உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ளும். கைகளைப் பின்னுக்கு விட்டால், பின்பக்கம் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்க, முன்பக்கம் மட்டும் சங்கிலியில் எழும்பும். தொட்டி செங்குத்தாகும், சாமான் பின்னால் வழியும். நிலம் சரிந்திருந்தால் அந்த உயரத்தில் நிற்கும் பாரம் முழு லொறியையும் பக்கவாட்டில் சாய்க்கும்.

களிமண்ணும் நனைந்த பூச்சும் வழியாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். கையை வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆட்டி உதறுவது எல்லாரும் செய்த வேலை. சங்கிலியைக் கொல்லும் வேலையும் அதுதான். சங்கிலி அறுவது நடுவில் இல்லை, வளையமும் வளையமும் தொடுகிற இடத்தில் தேய்ந்து மெலிந்து அங்கேதான் போகும். அதைப் பார்க்க ஒவ்வொரு கண்ணியையும் மடித்து உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தூக்கும் கருவிகளைத் தகுதியானவர் வந்து பரிசோதித்து எழுத்தில் தர வேண்டும் என்ற 1998ஆம் ஆண்டு விதிகள் வந்தபோது, கடதாசி வேலை கூடிவிட்டது என்று யாட்டில் முணுமுணுத்தார்கள். முதல் பரிசோதனையில் அந்த மனிதர் எத்தனை சங்கிலியைச் சிவப்பு மையால் குறித்தார் என்று பார்த்ததும் முணுமுணுப்பு நின்றது.

கடதாசி என்றால், 1992 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு பாரத்துக்கும் கைமாற்றுச் சீட்டு எழுத வேண்டியதாயிற்று: என்ன கழிவு, யாரிடமிருந்து, யாருக்கு. அதுவரைக்கும் ஸ்கிப்புக்குள் என்ன இருக்கிறது என்பது கொட்டும்போது தெரிய வந்தால் போதும். உண்மையில் மாற்றியது 1996 ஒக்டோபரில் வந்த குப்பைப் புதைப்பு வரி. தொன்னுக்கு 7 பவுண். கல், மண் போன்ற அழுகாத சாமானுக்கு 2 பவுண். இன்று கேட்டால் சிரிப்பு வரும், 2024 ஏப்ரலில் அந்த 7 பவுண் 103.70 ஆகிவிட்டது. ஆனால் அன்றைக்கே முதலாளியின் முகம் மாறியது. அதற்கு முதல் நாள் வரை பின்னேரம் அவர் கேட்ட கேள்வி, எத்தனை எடுத்தாய் என்பது. வரிக்குப் பிறகு கேட்டது, என்ன எடுத்தாய் என்பது. 2 பவுண் மண்ணுக்கு மேல் ஒரு கம்பளத்தைப் போட்டுவிட்டால் முழுப் பாரமும் 7 பவுண் ஆகிவிடும் அல்லவா? யாட்டில் ஒரு எடைத் தட்டு வந்தது. தரம் பிரிக்க ஆட்கள் வந்தார்கள், அதில் பாதிப் பேர் புதிதாக வந்த எங்கள் பெடியன்கள். செங்கல் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், செப்புக் குழாய் பூட்டிய அறையில். பழைய லண்டன் மஞ்சள் செங்கலைச் சாந்து தட்டித் துப்புரவாக்கி அடுக்கினால் நல்ல விலை. குப்பை என்று நாங்கள் கொண்டுபோய்ப் புதைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு காசு கிடந்தது என்பதை வரி வந்துதான் எங்களுக்குக் காட்டியது. சூழல் மேல் பற்று வைத்து யாரும் தரம் பிரிக்கவில்லை. 7 பவுண் பிரிக்க வைத்தது.

கல்நார்த் தகடு மட்டும் எந்தக் குவியலிலும் சேராது. பழைய கராஜ்களின் நெளிந்த கூரை. ஊரில் எங்கள் தலைக்கு மேலே இருந்த அதே 'சீற்', அதன் கீழே பள்ளிக்கூடம் படித்தவன் நான். இங்கே அதைப் பிரத்தியேகமாகக் கட்டி, தனியாகக் காசு கட்டி அனுப்ப வேண்டும். ஆகவே ஆட்கள் உடைத்து, கம்பளத்துக்குள் சுருட்டி, ஸ்கிப்பின் அடியில் போடுவார்கள். பிரித்தானியா கல்நாரின் கடைசி வகையையும் 1999இல் தடை செய்தது. ஏற்கெனவே கூரையில் இருந்தது அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. கம்பளம் அளவுக்கு மீறி நேர்த்தியாகச் சுருட்டிக் கட்டியிருந்தால் நான் சங்கிலி மாட்டுவதில்லை. குப்பையில் போடுகிற கம்பளத்தை எவரும் வடிவாகச் சுருட்ட மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி ஒரு வொல்வோ எஃப்.எல்.6 வாங்கினார். கை நீளும் லொறி. அதன் வசதியை மறுப்பவன் பொய்யன். முன்மதிலுக்கு மேலாக ஸ்கிப்பை எடுத்து வளவுக்குள் வைக்கலாம். லொறி சற்று விலகி நின்றாலும் கையை விட்டுப் பிடிக்கலாம். தெருவில் ஆடிய ஆட்டம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கை நீளமாக நீளமாகத் தூக்கும் பலம் குறையும், நெம்புகோல் கணக்குத்தான். கையை முழுக்க நீட்டி ஒரு மண் ஸ்கிப்பைப் பிடித்தால், கிட்ட நின்று எடுத்தபோது அசையாமல் நின்ற அதே லொறி முன்சில்லைத் தூக்கும். பழைய லொறியில் பழகியவன் நீளும் கையையும் மடித்து வைத்துக்கொண்டு முதலில் கிட்டப் போவான், முடியாவிட்டால்தான் நீட்டுவான். புதியதிலேயே பழகிய பெடியன் தூரத்தில் நின்று நீட்டுவான், பிறகு லொறியைக் குறை சொல்வான். பழைய இரும்புக்கு இல்லாத இன்னொரு செலவும் கூடவே வந்தது: குழாய்க்குள் குழாய் ஓடுகிற இடத்தில் மண்ணும் மணலும் புகுந்து தேய்க்கும், உள்ளே ஓடும் ஹைட்ரோலிக் குழாய் கசியும். பழைய கையில் கிறீஸ் அடிப்பதைத் தவிர வேறு வேலை வந்ததாக நினைவில்லை.

பெட்போர்ட் அதற்கு முதலே போய்விட்டது. கை நீளாததில் கடைசியாக எங்களிடம் நின்றது ஒரு ஃபோர்ட் கார்கோ. 2008 பெப்ரவரி 4ஆம் திகதி லண்டனில் புகைக் கட்டுப்பாட்டு வலயம் தொடங்கியது. 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறி யூரோ 3 தரத்துக்கு வராவிட்டால் ஒரு நாள் றோட்டில் ஓட 200 பவுண். ஒரு ஸ்கிப்பின் வாடகையே அதை எட்டாத காலம். கார்கோவின் எஞ்சினை மாற்றினால் லொறியின் விலையைத் தாண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள். அது யாட்டுக்குள்ளேயே ஸ்கிப் நகர்த்துகிற வேலைக்கு வந்தது. இலக்கத்தகடும் கழற்றியாயிற்று, ஹோர்னும் வேலை செய்யாது, கபின் கதவு கயிற்றில். புதிதாக வருகிற சாரதிகளை முதல் இரண்டு கிழமை நான் அதில்தான் விட்டேன். கையை நீட்டிச் சமாளிக்க வழியில்லாததால் பின்னுக்கு எடுக்கப் பழகினார்கள். இது என்ன நூதனசாலை வேலை என்று ஒரு ருமேனியப் பெடியன் முறைப்பட்டான். அவன்தான் பிறகு ஒடுங்கின தெருக்களுக்கு முதலாளி தேடுகிற ஆள் ஆனான்.

நான் 2011இல் லொறியை விட்டு இறங்கினேன். இந்த வேலையில் முதுகு போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் போனது முழங்கால். வெளியே லீவர் இருக்கிற லொறியில் ஒரு ஸ்கிப்பை எடுக்கக் குறைந்தது நாலு தரம் கபினிலிருந்து குதிக்க வேண்டும்: காலை ஊன்ற, சங்கிலியை மாட்ட, ஏற்றியதும் கழற்ற, விளக்கையும் பலகையையும் பொறுக்க. மாற்று ஸ்கிப் என்றால் அதைப் போல மூன்று மடங்கு. அதுவும் பனிக்காலத்தில், இரும்பு முனைச் சப்பாத்தோடு. இப்போதைய லொறிகளில் கபினுக்குள் இருந்தபடியே, இல்லையென்றால் கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு காலையும் கையையும் ஆட்டலாம். நீளும் கையைப் பற்றி எனக்குக் குறை இருக்கலாம், அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு குறையும் இல்லை.